அறுந்த கம்பியில் துபாய்

எங்கள் கடைத்தெருவில் இந்தக் கதையை இப்போதும் சொல்கிறார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். லைன்மேன் வந்து அந்த வெள்ளைச் சட்டைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்தார் என்கிறார் ஒருவர். போலீஸ் ஒட்டுக்கேட்டது என்கிறார் இன்னொருவர். எனக்கு எரிச்சல் மூட்டுவது மூன்றாவது கதைதான். எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த நொண்டிப் பெண் வாடிக்கையாளர் பேசியதை ஊருக்குள் சொல்லிவிட்டாளாம், அதனால்தான் அவன் மாட்டினானாம். அந்த நொண்டிப் பெண் நான்தான். பூத் நடத்திய ஏழு வருஷத்தில் யார் பேசியதையும் நான் வெளியே சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது மறுப்பு இருந்தால் நேரில் வந்து என்னிடம் மல்லுக்கு நிற்கலாம்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் கடைத்தெரு. பஸ் அங்கேயே திரும்பிவிடும். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எனக்கு பூத் கிடைத்தபோது, ஜவுளிக்கடை பாய் தன் கடையின் முன்பக்கத்தில் பாதியை எனக்கு வாடகைக்கு விட்டார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடி கேபின், அதற்குள் ஒரு குட்டி ஃபேன். மேஜைமேல் மீட்டர் பெட்டி. கேபினுக்குள் இருப்பவர் எந்த எண்ணை அழுத்துகிறார், எத்தனை விநாடி பேசுகிறார் என்பதெல்லாம் அதில் சிவப்பு எழுத்தில் ஓடும். ஆரம்பத்தில், இந்த ஊரில் யார் போன் பேசப் போகிறார்கள் என்று சிரித்தவர்கள்தான், அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமை பகலில் என் வாசலில் வரிசையில் நின்றார்கள். அங்கே வளைகுடாவில் வெள்ளி விடுமுறை. இங்கே வீட்டுக்கு ஒரு ஆள் அங்கே இருந்தான்.

கேபினுக்குள் என்னவெல்லாம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி அத்தனை கனமில்லை. அழுதவர்கள், சண்டை போட்டவர்கள், பேச்சே வராமல் மூன்று நிமிஷம் மூச்சை மட்டும் விட்டுவிட்டுப் போனவர்கள். ஒருத்தியின் கதை இன்னொருத்தியின் காதுக்கு என் வாயால் போனதில்லை. என் அம்மாவே கிண்டிக்கிண்டிக் கேட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி என்ன பேசினாள் என்று. “நீயும் வந்து பேசு, அதையும் யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்றேன். காலைத் தரையில் அழுத்தி நடக்க முடியாத எனக்கு அந்தத் தெருவில் இருந்த மரியாதை முழுவதும் இந்த வாய்க்கட்டில்தான் இருந்தது.

அவன் எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு தை மாதம், சம்பா அறுப்பு முடிந்த சமயம். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, வெயிலானாலும் மழையானாலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. இடுப்பு பெல்ட்டில் செல்போன் உறை ஒன்று தொங்கும். அப்போது செல்போன் என்பதை நாங்கள் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். “இந்த ஊர்ல டவர் கெடையாது. அதனாலதான் உங்க பூத்துக்கு வர வேண்டியிருக்கு” என்று முதல் நாளே என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டான். ஒருநாள் அவன் குனிந்து கீழே விழுந்த பேனாவை எடுத்தபோது அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். ஒரு சீப்பு.

துபாயில் ‘பெரியவர்’ ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தமிழ்நாட்டில் தான்தான் கை, கால், எல்லாம் என்று அவன் சொல்லிக்கொண்டான். நேராக எதையும் சொல்ல மாட்டான். “பம்பாய்ல ஒரு சின்ன பிரச்சினை, முடிச்சாச்சு” என்பான். டீக்கடையில் நாலு பேர் அதை ஊதிப் பெரிதாக்கி, மாலைக்குள் பம்பாயில் மூன்று கொலை விழுந்திருக்கும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று அவன் ஒரு தரம் டீ குடித்தான். அதை வைத்தே ஸ்டேஷனே அவன் பையில் என்று ஊர் முடிவு கட்டியது. டீக்கடையில் அவனிடம் காசு வாங்குவதை நிறுத்தினார்கள். ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார், அவன் கேட்கக்கூட இல்லை. உதார் விடுகிறவனுக்குப் பாதி வேலையை ஊரே செய்து கொடுத்துவிடுகிறது.

என் பூத்துக்கு வாரம் மூன்று தடவை வருவான். மற்றவர்கள் கேபினுக்குள் போனதும் கதவை இழுத்துச் சாத்துவார்கள். அவன் மட்டும் ஒரு முழம் திறந்து வைத்திருப்பான். விரலை உயர்த்தி உயர்த்திப் பதினாலு பதினைந்து தடவை பட்டனைத் தட்டுவதுபோலக் காட்டுவான். வெளியே நிற்பவர்களுக்கு அது வெளிநாட்டு எண். என் மீட்டரில் விழுந்ததோ மூன்றே மூன்று இலக்கம். அந்தக் காலத்தில் டெலிபோனில் மணி கேட்க ஓர் எண் உண்டு. பதிவு செய்த பெண் குரல் ஒன்று நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவளிடம்தான் அவன், “சரிங்க பெரியவரே. ஆளை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் பேசிக்கிறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருப்பான். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாக இருக்கும். லோக்கல் காலுக்கு மடித்த ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லி, தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

ஐந்து மாதம் நான் சும்மா இருந்தேன். என் தொழில் வாய்க்கட்டு என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது. ஊரில் பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் பயப்படும் ஆளின் குடுமி என் மேஜைமேல் சிவப்பு எழுத்தில் கிடக்கிறது என்ற கர்வம். அந்தக் கர்வத்துக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அவன் கடைசியில் வந்து நின்ற இடம் எங்கள் வீட்டு வாசல்.

எங்களிடம் மூன்று மா நிலம் இருந்தது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அது எங்கள் கைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் அதே வயலில் நட்டார்கள், அறுத்தார்கள், வரப்பில் நின்று கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். வயலுக்குச் சொந்தக்கார மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்குப் போய், அங்கேயே தங்கி, நிலத்தை விற்றுவிட முடிவு செய்தார்கள். என் அண்ணன் அப்போது ஷார்ஜாவில் கம்பி கட்டும் வேலையில் இருந்தான். அவன் மூன்று வருஷம் அனுப்பியதைச் சேர்த்து அப்பா வாங்கினார். பத்திரம் பதிவான அன்றைக்கு அப்பா வயலுக்குள் இறங்கி எதுவும் செய்யாமல் சும்மா நடுவில் நின்றார். கூலிக்கு இறங்காமல் அந்த வயலில் அவர் நின்றது அன்றைக்குத்தான்.

பத்திரம் ஆனதே தவிர, பட்டா எங்கள் பெயருக்கு மாறவில்லை. அதற்கு ஜமாபந்தியில் மனுக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, மேட்டூர் அணை திறப்பதற்கு முந்திய வாரங்களில், தாலுகா ஆபீஸில் ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு பெரிய அதிகாரி உட்காருவார். சனங்கள் நேரில் போய் மனுக் கொடுக்கலாம். போன வருஷம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் தவறிவிட்டது. இந்த வருஷம் விடக்கூடாது என்று அப்பா மனு எழுதி வைத்திருந்தார்.

இதற்கிடையில் எங்கள் வயலைச் சுற்றி இருந்ததையெல்லாம் கும்பகோணத்துப் பெரும்புள்ளி ஒருவர் வாங்கி மனை போட ஆரம்பித்தார். ரோட்டோரம் இருந்தது எங்கள் மூன்று மாதான். அதை வாங்கினால்தான் மனைக்கு வாசல். அப்பா கொடுக்க மாட்டேன் என்றார். அந்தப் புள்ளி நேரில் வரவே இல்லை. அவருக்காக வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான்.

“மவன் ஷார்ஜாவுல இருக்கான்ல?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டான். வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றபடியே. “அவன் பாஸ்போர்ட் எங்க இருக்கு தெரியுமா? கம்பெனி பீரோவுல. அந்த பீரோ சாவி யார் கையில இருக்கு தெரியுமா? பெரியவர் கையில. மனுவெல்லாம் குடுத்து பிரச்சினை பண்ணாதீங்க. வித்துட்டு நிம்மதியா இருங்க.”

கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டுக்கும் தெரியும். தெரிந்த ஒரு உண்மையில் தன் பொய்யை ஒட்ட வைத்துவிட்டான். அண்ணனிடமே கேட்டுவிடலாம் என்றால், ஊரிலிருந்து தள்ளி ஏதோ பாலைவன வேலைக்கு ஒரு மாதம் அனுப்புகிறார்கள், அங்கே போன் கிடையாது என்று போன தடவை பேசும்போதே சொல்லியிருந்தான்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் என் வாய்க்கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். “அவன் சும்மா உதாருப்பா. நம்பாத” என்றேன். “எப்படித் தெரியும்?” என்றார். எப்படித் தெரியும் என்பதைத்தான் நான் சொல்லக் கூடாது. கேபினுக்குள் பேசியதை இன்றைக்கு அப்பாவுக்குச் சொன்னால் நாளைக்கு அம்மாவுக்குச் சொல்வேன், அப்புறம் எல்லோருக்கும் சொல்வேன் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். “எனக்குத் தெரியும், அவ்வளவுதான்” என்றேன். மனுக் கொடுக்கிறாயா இல்லையா என்று கேட்டேன். “குடுக்குறேன், போ” என்றார். நான் நம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் அடங்கிய பிர்காவுக்கு ஜமாபந்தி வியாழக்கிழமை. புதன்கிழமை காலையில் கடைத்தெருவை ஒட்டிய வாய்க்காலில் பொக்லைன் வைத்துத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வர இன்னும் பத்து நாள்தான், அவசரம். ஒன்பது மணி வாக்கில் பொக்லைன் பக்கெட்டில் சேற்றோடு கறுப்பாக ஒரு கேபிள் வந்தது. தெரு முழுக்க போன் செத்தது. லைன்மேன் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்து, ஜாயின்ட் போட இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு அட்டையில் ‘லைன் இல்லை’ என்று எழுதி வாசலில் மாட்டினேன். பாய் வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “மூச்சுப் பேச்சு இல்ல தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு அப்பா தெருமுனையில் வந்தார். வயலில் நின்ற கால்கள், கழுவக்கூட இல்லை, புழுதி அப்பியிருந்தது. கையில் மஞ்சள் பை. எங்கள் நிலப் பத்திரம் இருக்கிற மஞ்சள் பை. அது டிரங்குப் பெட்டிக்கு அடியில், அம்மாவின் கூறைப் புடவைக்குக் கீழே இருக்கும் பை.

“என்னப்பா இது?” என்றேன்.

“அவரு பதினோரு மணிக்கு இங்க வரச் சொன்னாரு. பெரியவர்கிட்ட பேசி, அண்ணன் விஷயத்த முடிச்சுக் குடுக்குறேன்னாரு. அப்புறம் இதக் குடுத்துடறதுன்னு...” என்று இழுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. அப்பாமேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் கும்பகோணம் பஸ் வந்து திரும்பியது. வெள்ளைச் சட்டை இறங்கியது. அவன் காலை முழுக்கக் கும்பகோணத்தில் இருந்திருக்கிறான், கேபிள் சமாச்சாரம் எதுவும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டி அட்டையைக் கழற்றினேன். நாற்காலிக்கு அடியில் போட்டு அதன்மேல் என் காலை வைத்துக்கொண்டேன்.

பாய் இதைப் பார்த்தார். ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். எதிரே டீக்கடையில் இருந்த ஐந்தாறு பேருக்கும் லைன் செத்தது தெரியும். நான் அட்டையைக் கழற்றியதையும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்து மாதமாக அவனுக்கு ஓசி டீ ஊற்றிய டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

அவன் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தான். கேபினுக்குள் போனான். கதவு வழக்கம்போல ஒரு முழம் திறந்திருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். வைத்தவன் ஒரு நொடி அப்படியே நின்றான். லைன் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்தேன். அந்த இடத்தில் அவன் ரிசீவரை வைத்துவிட்டு, ‘போன் வேலை செய்யலையே’ என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அவனுக்கு லைன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? என்றைக்கு அவன் இன்னொரு ஆளோடு பேசினான்? வெளியே அப்பா பையோடு நிற்கிறார். டீக்கடை முழுக்க அவனைப் பார்க்கிறது. வாட்டமாகக் கூட்டம் கிடைத்த சந்தோஷத்தில் பட்டனைத் தட்ட ஆரம்பித்தான்.

“பெரியவரே, வணக்கம். ஆமா, நான்தான். அந்த ஷார்ஜா பையன் விஷயம்... ஆமா, கம்பி கட்டுறவன். அவங்க அப்பா பக்கத்துலதான் நிக்கிறாரு. நல்ல மனுசன், சொன்னாக் கேட்டுக்குவாரு. பாஸ்போர்ட்ட மட்டும்... அட, கோவப்படாதீங்க பெரியவரே. அடிக்கல்லாம் வேணாம். நான் சொல்றேன்ல.”

அப்பா அந்த ‘அடி’யைக் கேட்டதும் பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் விரல்கள் நடுங்கியதால் முடிச்சு அவிழவில்லை.

நான் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தேன். மேஜையிலிருந்து கேபின் வரை ஐந்து எட்டு. அந்த ஐந்து எட்டையும் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கதவை முழுக்கத் திறந்தேன்.

“அண்ணே, பேசி முடிச்சாச்சா?”

“இரும்மா. பெரியவர் லைன்ல இருக்காரு.”

“அவருகிட்ட எனக்காக ஒண்ணு கேட்டுச் சொல்லுங்களேன். எந்தக் கம்பி வழியாப் பேசுறாருன்னு. நம்ம கம்பி காலையில ஒம்போது மணிக்கே அறுந்து வாய்க்கால்ல கெடக்கு.”

டீக்கடையில் முதலில் ஒருவர்தான் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. பொக்லைன்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு என்னவென்று எட்டிப் பார்த்தார். பாய் துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார். அவன் கையிலிருந்து நான் ரிசீவரைப் பிடுங்கி, வயர் எட்டும் வரை இழுத்து, அப்பாவின் காதில் வைத்தேன்.

“கேளுப்பா. துபாய் பேசுது, கேளு.”

அப்பா வெகுநேரம் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, அவிழாத முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

இதைத்தான் நான் வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறார்கள். எதைக் காட்டிக்கொடுத்தேன்? அன்றைக்கு அந்தக் கேபினிலிருந்து ஒரு போன்கூடப் போகவில்லை. போகாத போனில் எனக்கு என்ன ரகசியம்? அட்டையைக் கழற்றியது தப்பு என்றால், ஆமாம், கழற்றினேன். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் கழற்றுவேன்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிட்டதாக ஊர் சொல்வது சரியில்லை. அவன் கேபினிலிருந்து வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான். “துபாய் வேணாம்டி. இந்தக் கை போதும்” என்று கையைக் காட்டினான். “நாளைக்குத் தாலுகா ஆபீஸ் வாசல்ல நிப்பேன். மனுவோட வந்து பாருங்க.” சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சொன்னதில் அது ஒன்று மட்டும் நிஜம். பெரியவரும் பம்பாயும் இல்லையென்றாலும், ஒரு கிழவரைத் தள்ளிவிடவும் நடக்க முடியாத பெண்ணின் காலைத் தட்டிவிடவும் அவனிடம் கை இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “நீ வர வேணாம் பாப்பா” என்றார்.

“பூத்தே செத்துக் கெடக்கு. எனக்கு என்ன வேலை? வரேன்.”

“அவன் ஏதாவது செஞ்சான்னா...”

“செஞ்சா செய்யட்டும். என் காலு ஏற்கெனவே போயிருக்கு, அதுல ஒடைக்க ஒண்ணுமில்ல.”

அம்மா கத்தினாள். நாங்கள் பஸ் ஏறினோம்.

கும்பகோணம் தாலுகா ஆபீஸில் பந்தல் போட்டிருந்தது. அதற்குள் நீளமாக மேஜைகள், கட்டுக் கட்டாகக் கணக்குப் புத்தகங்கள், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் செங்கல். வாசலில் வெள்ளைச் சட்டைக்காரன் இரண்டு தடியன்களோடு நின்றான். எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அவனைப் பார்த்தபடியே நடந்தார். வாசலில் கான்ஸ்டபிள் ஒருவர் நின்றதாலோ என்னவோ, அவன் ஒதுங்கினான். ஒதுங்கி எங்கள் பின்னாலேயே உள்ளே வந்தான்.

எங்கள் கிராமத்தைக் கூப்பிட்டார்கள். அப்பா மனுவையும் பத்திரத்தையும் மேஜையில் வைத்தார். அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார். கிராம அதிகாரி கணக்கைப் பார்த்து, சர்வே நம்பர் சரிதான் என்றார். அப்போது பின்னாலிருந்து, “அது தகராறு நிலம் சார். ஆட்சேபணை இருக்கு” என்று அவன் குரல் கொடுத்தான்.

அதிகாரி தலையைத் தூக்கவில்லை. பேனாவை எடுத்தார். “வாங்க. பேரு, அப்பா பேரு, ஊரு சொல்லுங்க. எழுதிக்கிறேன். கீழ கையெழுத்துப் போடுங்க.”

அவன் முன்னால் வந்தான். வந்தவன் கறுப்புக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஐந்து மாதமாக எங்கள் ஊரில் அவனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, அப்பா கிடையாது. துபாய் மட்டும்தான். “நான் ஒரு பார்ட்டி சார்பா வந்திருக்கேன் சார்” என்றான்.

“எந்தப் பார்ட்டி? அவரை வரச் சொல்லுங்க.”

“அவரு வர மாட்டாரு சார்.”

“அப்ப உங்க பேரைச் சொல்லுங்க.”

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கூட வந்த தடியன்கள் இரண்டு பேரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி பேனாவை மூடப்போனார். அப்போது அப்பா பேசினார். அதிகாரிகளுக்கு முன்னால் என் அப்பா அத்தனை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

“ஐயா, எழுதிக்கிறதா இருந்தா நான் சொல்றேங்க. இவன் ஊரு பூதலூருக்குப் பக்கமுங்க. இவன் அப்பனோட நான் மூணு நடவுக்கு நாத்து சொமந்திருக்கேன். ஒரே கலயத்துல கஞ்சி குடிச்சிருக்கோம். நல்ல மனுசங்க அவரு.” என்று சொல்லி, அந்த மனிதரின் பெயரையும் சொன்னார். “அந்த மூஞ்சிய அப்படியே உரிச்சு வச்சிருக்கான். எழுதிக்கிடுங்க.”

அவன் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது. பந்தலுக்குள் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். “வேணாம் பெரியப்பா” என்றான், மிகவும் மெதுவாக. என் அப்பாவைத்தான் பெரியப்பா என்றான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான். அதற்கப்புறம் எங்கள் கடைத்தெருவுக்கு அவன் வரவில்லை. அதிகாரி எங்கள் மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த கிராமத்தைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் தாராசுரம் தாண்டியது. மனு ஏறிவிட்டது, நிலம் எங்களுடையது, நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

“அவன் யாருன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியும். நம்ம வாசல்ல வந்து நின்னான் பாரு, அப்பவே.”

“தெரிஞ்சுமா பத்திரத்தத் தூக்கிட்டு வந்த? தெரிஞ்சுமா நேத்திக்கு ஒன் கை அப்படி நடுங்குச்சு? கூலிக்கு நாத்து சொமந்தவன் மவன்னு தெரிஞ்சுமாப்பா அவனப் பார்த்து பயந்த?”

அப்பா பத்திரம் இருந்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவனை எனக்குத் தெரியும் பாப்பா. துபாயைத் தெரியாதே. அந்தப் பக்கந்தானே என் புள்ள இருக்கான்.”